மரத்துக்கு மட்டும் ஒரு வட்டம்

"எங்கியாச்சும் வெட்டி வுடணுமா சார்?"

செயற்கைப் புல் விரிக்கும் கம்பெனியிலிருந்து போன வாரம் அளவெடுக்க வந்தவர் இப்படித்தான் கேட்டார். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் முன்பக்க முற்றத்தில் கிடக்கும் பழைய புல் விரிப்பு வெளுத்து, பல இடங்களில் நார் நாராகப் பிரிந்துவிட்டது. மாற்றிவிடலாம் என்று குடியிருப்போர் சங்கத்தில் முடிவானது. முதன்முதலில் அதைப் போட வைத்தவன் நான் என்பதால் பேசுகிற பொறுப்பையும் என்னிடமே விட்டிருந்தார்கள்.

பூவரச மரத்திலிருந்து மதில்வரை உள்ள இடத்தைக் காட்டி, அதை மட்டும் மண்ணாகவே விட்டுவிடச் சொன்னேன்.

"அங்க இன்னா சார் வரப்போவுது?"

"நாற்காலி."

அவர் சிரித்துவிட்டார். "சேர புல்லு மேலயே போடலாம் சார். ஓட்டலு மொட்ட மாடிக்கெல்லாம் நாங்கதான் போட்டுக் குடுக்குறோம். டேபிளு, சேரு, கல்யாண ஜனம், எல்லாம் அதும் மேலதான். அமுங்கினா தொடப்பத்தால எதிர்ப் பக்கமா ரெண்டு தள்ளு தள்ளுங்கோ, எந்திரிச்சிக்கும்."

எனக்கு இது தெரியும். முதல் முறை போட்டபோதே தெரியும். தெரிந்துகொண்டே வேறு மாதிரிச் சொன்னேன். யாரிடம் சொன்னேனோ அவர் இப்போது இல்லை. அவருடைய மனைவி மீஞ்சூரில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விட்டார். அவர்கள் இருப்பதால் அவர் பெயரை இங்கே எழுதவில்லை.

திருவொற்றியூரில், கண்டெய்னர் லாரிகள் போகும் பெரிய சாலையிலிருந்து ஒரு திருப்பம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் குடியிருப்பு. நான் இரண்டாவது மாடி. அவர் தரைத்தளத்தில், வாசல் கேட்டை ஒட்டிய வீடு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கட்டம் போட்ட லுங்கி, தோளில் ஒரு துண்டு. அந்தத் துண்டு வியர்வை துடைப்பதற்கானது அல்ல என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

பூவரச மரத்தடியில் சில சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள் எப்போதும் கிடக்கும். கேட்டைத் திறந்துகொண்டு யார் வந்தாலும் சரி, அவர் வாய் திறப்பதற்கு முன் கை பின்னால் போய் ஒரு நாற்காலியை இழுத்துவிடும். எங்கள் பக்கத்தில் காலையில் துடைத்த இடத்தில் மதியத்துக்குள் கரித்தூள் படிந்துவிடும். அதனால் தோள் துண்டை எடுத்து ஒரு துடை, பிறகு உள்ளங்கையால் இருக்கையில் இரண்டு தட்டு. அப்புறம்தான் பேச்சு.

"குந்து நைனா."

தபால்காரர், சிலிண்டர் போடுபவர், மின்கணக்கு எடுப்பவர், மீன் கூடைக்காரி, எல்லோருக்கும் அதே துடை, அதே தட்டு. ஒருமுறை பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் விறைப்பாக நின்றுகொண்டு மாடிக்காரப் பையனின் பெயரைக் கேட்டார். இவர் பெயர் சொல்லவில்லை, நாற்காலியைப் போட்டார். போலீஸ்காரர் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, தன் மகளுக்கு வரன் அமையாத கதையைச் சொல்லிவிட்டுப் போனார். பையனை அவர் விசாரித்ததாகவே தெரியவில்லை.

குப்பை எடுக்க வரும் பெண்மணி முதலில் சம்மதிக்கவில்லை. நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வாணாம்ணா. துணியெல்லாம் கலீஜா கீது."

"சேரு பிளாஸ்டிக்குமா. ஒரு சொம்பு தண்ணி ஊத்தினா போயிடும். காலையிலருந்து நின்னுகினு கீறியே, காலு உன்னுதுதானே? குந்து."

அந்த அம்மாள் நுனியில் உட்கார்ந்தார். அடுத்த மாதமெல்லாம் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து டீ குடித்தார். எனக்குப் பிடிக்கவில்லை. இதை மறைத்து எழுதுவதில் பயனில்லை.

முதல் மாடி அக்காவுக்கும் எதிர்வீட்டு அம்மாளுக்கும் தண்ணீர்த் தொட்டியருகே ஒருநாள் பெரிய சண்டை. குடம் உருண்டது, பரம்பரை இழுக்கப்பட்டது. விலக்கப் போனவர்களுக்கும் திட்டு விழுந்தது. இவர் போய் இரண்டு நாற்காலிகளை நேருக்கு நேராகப் போட்டார். துடைத்தார், தட்டினார்.

"நின்னுகினு திட்டினா மூச்சு வாங்கும். குந்தி திட்டிக்கோங்க. நான் டீ சொல்றேன்."

முதல் மாடி அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யோவ், நீ போய்யா அந்தாண்ட!" என்றார். எதிர்வீட்டு அம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் உட்கார்ந்தார். உட்கார்ந்தபிறகு அவ்வளவு உரக்கத் திட்ட முடியவில்லை.

அவர் மட்டும் உட்கார்ந்து நான் பார்த்தது அரிது. ஒருமுறை கேட்டேன். "எல்லாரையும் உட்கார வைக்கிறீங்க, நீங்க உட்காரவே மாட்டீங்களா?"

"வேல பாத்த காலம் பூரா நான் குந்திகினே இருந்தவன் சார். கிரேன் கேபினு, மேல ஜம்முனு சேரு. கீழ கொக்கி மாட்டுறவன், மூட்ட தூக்குறவன் எல்லாம் வெயில்ல நின்னுகினு இருப்பான். மேலருந்து பாத்தா மண்டதான் தெரியும். மூஞ்சி தெரியாது. ஒருத்தன் மயங்கி வுழுந்துட்டான். நான் மேலருந்து பாத்துகினு கீறேன். எறங்கி வர்றதுக்குள்ள தூக்கிகினு போய்ட்டாங்க." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "குந்தினது போதும் சார். அவங்க குந்தட்டும்."



இப்போது என் மனைவி இறந்த நாளைச் சொல்ல வேண்டும். மருத்துவமனையிலிருந்து உடலோடு வந்த வண்டி கேட்டுக்கு வெளியே நின்றது. நான் இறங்கி, வண்டியின் கதவைப் பிடித்தபடி சட்டைப் பையில் வீட்டுச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன். சாவி கையிலேயே இருந்தது. மகன் நகரத்தின் தென்கோடியிலிருந்து வந்துகொண்டிருந்தான். யாரோ என்னவோ கேட்டார்கள், நான் என்னவோ சொன்னேன். அப்போது முழங்காலின் பின்மடிப்பில் ஏதோ மெதுவாக இடித்தது. திரும்பினால் நாற்காலி.

"குந்து சார்."

உட்கார்ந்தேன். அதன் பிறகுதான் அழுகை வந்தது. நின்றுகொண்டிருந்தவரை வரவில்லை. அவர் என் தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மறு கையால் வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி காட்டிக்கொண்டிருந்தார். அன்று பந்தல் போட்டது, வாடகை நாற்காலி எடுத்தது, என் உறவினர்களுக்குத் தண்ணீர் கொடுத்தது எல்லாம் அவர்தான். உடலை எடுக்கும்வரை அவர் ஒருமுறைகூட உட்காரவில்லை.

இவருக்குத்தான் நான் அதைச் செய்தேன்.

நான் கல்லூரியில் தாவரவியல் கற்பித்தவன். புல்லின் கணுவையும் இலையுறையையும் கரும்பலகையில் வரைந்தே பணிக்காலத்தைக் கழித்தவன். அப்படிப்பட்டவன் பிளாஸ்டிக் புல்லுக்கு ஆசைப்பட்டது என் மகன் வீட்டுக்குப் போய் வந்த பிறகு. அவன் இருக்கும் குடியிருப்பில் முற்றம் முழுவதும் ஒரே பச்சை. ஒரு காய்ந்த இலைகூட இல்லை. யாரும் உட்கார்ந்திருக்கவும் இல்லை. சில நாட்கள் கழித்து மகன் தன் மேலதிகாரியை அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். கேட்டைத் தாண்டியதும் மரத்தடியில் மீன் கூடைக்காரி கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் குப்பை எடுக்கும் அம்மாள். சிலிண்டர் ஆள் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். இவர் அந்த அதிகாரிக்கும் ஒரு நாற்காலியைத் துடைத்து, தட்டி, "குந்து நைனா" என்றார்.

அதிகாரி உட்காரவில்லை. மாடிப்படியில் ஏறும்போது, "கீழே டீக்கடைக்கு வாடகைக்கு விட்டிருக்கீங்களா சார்?" என்று என்னிடம் கேட்டார். நல்ல மனிதர்தான், வேடிக்கையாகத்தான் கேட்டார். எனக்குக் காது சுட்டது.

சங்கக் கூட்டத்தில் புல் விரிப்பைப் பற்றி நான் பேசியது எல்லாம் நியாயமாகவே இருந்தது. நல்ல தண்ணீருக்கே லாரியை எதிர்பார்க்கும் ஊரில் நிஜப் புல் வளர்க்க முடியாது. மழைக்காலத்துச் சேறு இருக்காது. குழந்தைகள் விளையாடலாம். எல்லோரும் தலையாட்டினார்கள். அவரும் ஆட்டினார். பிறகு எழுந்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"புல்லு போடுங்கோ சார், சோக்காத்தான் இருக்கும். மரத்தாண்டருந்து மதிலு வரைக்கும் மட்டும் மண்ணா வுட்டுடுங்கோ. நாலு சேரு போட்டுக்கறேன். வேற ஒண்ணியும் வாணாம்."

அதற்கு முந்தைய நாள்தான் கம்பெனி ஆளிடம் நான் விசாரித்திருந்தேன். எந்த வடிவத்தில் வேண்டுமானாலும் வெட்டித் தருகிறோம், ஒரு கத்தி போதும், மேலே நாற்காலி போட்டாலும் ஒன்றும் ஆகாது என்று அவர் சொல்லியிருந்தார்.

"முடியாதுங்க" என்றேன். "இது ஒரே விரிப்பு. நடுவுல வெட்டினா ஓரமெல்லாம் பிச்சுக்கிட்டு வந்துடும். கம்பெனியில பொறுப்பு ஏத்துக்க மாட்டாங்க. மேலே நாற்காலி போட்டாலும் புல் அமுங்கிடும், திரும்ப எழும்பாது."

முதல் மாடி அக்கா விடவில்லை. "ஏன் சார், ஒரு ஓரமா வுட்டா இன்னா கொறஞ்சிடப் போவுது? அவரு இன்னா வூடா கட்டப் போறாரு?"

அவர்தான் அக்காவை அடக்கினார். "சும்மா இரும்மா. சாரு பட்ச்சவரு. செடி கொடிக்கே பாடம் எடுத்தவரு. அவருக்குத் தெரியாத புல்லா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வேலை நடந்த நாளில் அவர் பணியாட்களோடேயே இருந்தார். மண்ணைச் சமப்படுத்தினார்கள், கல்தூள் கொட்டி உருளை ஓட்டினார்கள். புதுப் புல்லைச் சுருள் சுருளாக இறக்கியபோது ரப்பர் நெடி மாடிவரை அடித்தது. அவர் டீ வாங்கி வந்து, நாற்காலிகளைக் கேட்டோரமாக நகர்த்தி வைத்துக்கொண்டு காத்திருந்தார். விரிப்பு உருண்டு வந்து பூவரச மரத்தில் முட்டி நின்றது.

"மரத்த இன்னா சார் பண்றது? சுத்தி வெட்டி வுட்டுடவா?" கத்தி வைத்திருந்தவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

நான் பழக்கத்தில் சொன்னேன். "நல்லா அகலமா விடுங்க. அடிமரம் பருக்கும். வேருக்குத் தண்ணி இறங்கணும்."

கத்திக்காரர் குந்தி உட்கார்ந்து ஒரு கீறல் போட்டார். கத்தியைச் சுழற்றி ஒரு வட்டம் எடுத்தார். ஓரத்தை மடித்துப் பசை தடவி அமுக்கினார். ஊற்றி வைத்த டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. ஒரு இழைகூடப் பிரியவில்லை. மரத்தைச் சுற்றி அழகான வட்டமாக மண் தெரிந்தது.

கேட்டோரமாகக் காத்திருந்த அவர் வந்து அந்த வட்டத்தைப் பார்த்தார். குனிந்து, வெட்டிய ஓரத்தை விரலால் நெருடினார். பிறகு என்னைப் பார்த்தார். நான் மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்லா வெட்றான் சார்" என்றார். அவ்வளவுதான். ஒரு நாற்காலியைத் துடைத்து, தட்டி, கத்திக்காரர் பக்கம் நகர்த்தினார். "குந்து நைனா. டீ ஆறுது."

மாலையில் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தன் வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தார்.

செருப்பு, நாற்காலி, தின்பண்டம் அனுமதி இல்லை என்று நான் ஒரு பலகை எழுதி மாட்டினேன். எங்கள் குடியிருப்பில் அதை மதித்தவர் அவர் ஒருவர்தான். குழந்தைகள் புல்லில் உட்கார்ந்து முறுக்குத் தின்றார்கள். என் பேரனின் பிறந்தநாளை நானே அங்கே கொண்டாடினேன். மகன் வாடகைக்கு எடுத்த நாற்காலிகளுக்கு வெள்ளை உறை போட்டு, புல்லின்மேல் வரிசையாகப் போட்டிருந்தான். நான் தடுக்கவில்லை. அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பேரன் கையில் ஒரு பந்தைக் கொடுத்தார். மரத்தைச் சுற்றிய மண் வட்டத்தில் போய் நின்றுகொண்டார்.

"உட்காருங்க" என்றேன்.

"புல்லு அமுங்கிடும் சார்."

குத்தலாகச் சொன்னாரா, மெய்யாகவே சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. முகத்தில் ஒன்றுமே இல்லை.

சில நாட்கள் கேட்டுக்கு வெளியே, தெரு ஓரத்தில் இரண்டு நாற்காலிகளைப் போட்டுப் பார்த்தார். திரும்புவதற்காகத் தெருவுக்குள் பின்னோக்கி வந்த ஒரு கண்டெய்னர் லாரி அதில் ஒன்றை நசுக்கிவிட்டது. நல்லவேளை, யாரும் அதில் உட்கார்ந்திருக்கவில்லை. இன்னொன்றில் முதுகுப் பக்கம் விரிசல் விட்டது. அதை மீன்வலை நைலான் கயிற்றால் தைத்து உள்ளே எடுத்துப் போனார். அதன்பின் வெளியிலும் போடவில்லை.

அப்புறம் வருகிறவர்கள் கேட்டிலேயே நின்று பேசிவிட்டுப் போனார்கள். நின்றுகொண்டு பேசினால் பேச்சு நீளுவதில்லை. குப்பை எடுக்கும் அம்மாள் வண்டியை நிறுத்துவதே இல்லை, தள்ளிக்கொண்டே "வரேண்ணா" என்பார். சிலிண்டர் ஆள் தூங்க வேறு இடம் பார்த்துக்கொண்டான். யாராவது கேட்டைத் திறந்தால் அவருடைய கை மட்டும் பின்னால் போகும். காற்றைத் தொட்டுவிட்டுத் திரும்பும். இதையும் நான் மாடியிலிருந்து பார்த்திருக்கிறேன். முற்றம் அமைதியாக, சுத்தமாக, பச்சையாக இருந்தது. பச்சைகூட வெகுநாள் நீடிக்கவில்லை. கரி படிந்து சாம்பல் நிறமாகிவிட்டது. தண்ணீர் வேண்டாத புல்லை வாரம் தவறாமல் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டியிருந்தது.

போய்ச் சொல்லியிருக்கலாம். பொய் சொன்னேன், நாற்காலியைப் போடுங்கள் என்று ஒரு வார்த்தை போதும். இரண்டு மாடி இறங்க வேண்டும், அவ்வளவுதான். நாளை சொல்லலாம் என்று இருந்தேன். அவருக்கு எப்படியும் தெரியும், புதிதாக என்ன சொல்வது என்றும் தோன்றியது.

ஒரு கோடைக்காலக் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டவர், ஆட்டோ வருவதற்குள் போய்விட்டார்.

அவருடைய கூடம் சின்னது. கண்ணாடிப் பெட்டியை வைத்ததும் நான்கு பேர் நிற்கத்தான் இடம் இருந்தது. வெளியே கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. பந்தல்காரர் வந்து, புல்லுக்கு நடுவே கம்பு நட முடியாது என்று தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். அப்போது அவர் மகள் மாடியேறி என் வீட்டுக் கதவைத் தட்டினாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"சார், கீழ சேரு போட்டுக்கலாமா சார்? எங்க நைனாவப் பாக்க வந்தவங்க எல்லாம் நின்னுகினு கீறாங்க."

தகப்பன் கூடத்தில் கிடக்கிறார். மகள் என்னிடம் அனுமதி கேட்க வந்திருக்கிறாள்.

"போடும்மா. இதைப் போய்க் கேக்கணுமா? போடு" என்று சொல்லிக்கொண்டே அவளுக்கு முன்னால் இறங்கி ஓடினேன். வாடகை நாற்காலிகள் மூன்று சக்கர வண்டியில் வந்து நின்றன. ஆட்கள் இறக்கப் போனார்கள். அவருடைய மனைவி வாசற்படிக்கு வந்தார்.

"வாணாம். வண்டிலயே இருக்கட்டும்."

"ஏம்மா, சாரே சொல்லிட்டாரும்மா" என்றாள் மகள்.

"அவரு போடாத எடத்துல இப்போ நாம எதுக்கு போடணும்? அமுங்கிடுமாம்." குரலில் கோபம் இல்லை. அதை என்னைப் பார்த்துச் சொல்லவுமில்லை.

யாரும் நாற்காலியைத் தொடவில்லை. வந்தவர்கள் பலகையைப் பார்த்தோ, சாவு வீடு என்பதாலோ செருப்பைக் கேட்டுக்கு வெளியே கழற்றிவிட்டு வந்தார்கள். துறைமுகத்து ஆட்கள், மீன் கூடைக்காரி, தபால்காரர், சிலிண்டர் ஆள், குப்பை எடுக்கும் அம்மாள். வெயில் ஏறியது. பிளாஸ்டிக் புல் வெயிலில் எப்படிக் கொதிக்கும் என்று மாடியில் இருக்கிறவனுக்குத் தெரியாது. அவர்கள் ஒரு காலை எடுத்து மறு காலின்மேல் வைத்துக்கொண்டார்கள். மரத்தைச் சுற்றிய மண் வட்டத்தில் சிலர் நிற்பார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்கள் நகர்ந்து, சூடு தாங்காத வேறு சிலருக்கு இடம் விடுவார்கள். யாரும் சொல்லி அப்படிச் செய்யவில்லை.

நானும் வெறுங்காலோடு அவர்களுக்கிடையே நின்றேன். அவருடைய மனைவி வெளியே வந்தபோது என்னைப் பார்த்தார். உள்ளே போனார். நைலான் கயிற்றால் தைத்த அந்தச் சிவப்பு நாற்காலியை எடுத்துக்கொண்டு வந்தார். புடவை முந்தானையால் துடைத்தார். உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார். மரத்தடிக்குக் கொண்டுபோய், முதுகை மரத்தோடு சேர்த்து, அந்த வட்டத்து மண்ணில் வைத்தார்.

"குந்துங்கோ சார். அவரு இருந்தா உங்கள நிக்க வுடமாட்டாரு."

உட்கார்ந்தேன். அதுவரை அந்த மண்ணில் நின்றிருந்தவர்கள் எனக்கு இடம் விட்டு, புல்லின்மேல் போய் நின்றார்கள்.